வேட்டைக்காரிக்கு வந்த ஐயம்



சென்ற வாரம் ஆண்டு 4 மாணவர்களுக்குச் சிறுகதை வாசிப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து ஓய்வு மணி அடிக்கச் சில நிமிடங்கள் மீதமிருந்தன. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க பேய்க்கதை படிப்பீங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வாழைமரத்துப் பொந்தியானாக் கதைகளைச் சொல்லி அவர்கள் ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்வதை நான் அறிவேன். "படிப்பேன்" என்றேன். "என்ன பேய் டீச்சர்?" என்று அடுத்த வினா வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்தேன்!

அந்த மாணவிக்குச் சொல்லாத விடையை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. தமிழாசிரியை என்றால் அலமாரியில் மு.வ.வும் கல்கியும் நா. பார்த்தசாரதியும் இருப்பார்கள் என்றே எல்லாரும் எண்ணுவர். என் வீட்டிலும் அவர்கள் இருக்கின்றனர், மேல்தட்டில். கீழ்த்தட்டில், அட்டைக்கு நாளிதழ்த்தாள் உறையிட்ட ஆங்கிலப் புதினங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நாயகி ஓர் இரத்தக்காட்டேரி வேட்டைக்காரி. பெயர் அனிதா பிளேக். எழுதியவர் லோரெல் கே. ஹாமில்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. முதல் நூல் வெளிவந்தது 1993இல். 30ஆவது நூல் வெளிவந்தது 2023இல். அந்த 30 ஆண்டுகளில் பெரும்பகுதி நானும் உடன் நடந்திருக்கிறேன்.

அறிமுகம் நிகழ்ந்தது 1998இல். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தமிழ் இலக்கண நூல் தேடிப் போனவள், முதுகு மடங்கிப்போன 'கில்ட்டி பிளஷர்ஸ்' என்ற நூலை 4 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் முதல் பத்துப் பக்கம் படித்தேன். அன்றிரவு விடுதியில் விளக்கணைத்த பிறகு கைவிளக்கின் ஒளியில் மீதியையும் படித்து முடித்தேன்.

கதை நிகழும் இடம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரம். மிசிசிப்பி ஆற்றங்கரையில், 192 மீட்டர் உயரத்தில் எஃகு வளைவு ஒன்று நிற்கும் உண்மையான ஊர் அது. கோட்டையும் மலையும் மூடுபனியுமாகப் பழைய நூல்களில் உலவிய இரத்தக்காட்டேரிகள் இங்கே அந்த ஆற்றங்கரையில் இரவு விடுதி நடத்துகின்றன, வரி கட்டுகின்றன, வழிபாட்டு மன்றம்கூட வைத்திருக்கின்றன. கதை தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் நீதிமன்றம் ஒரு வழக்கில், எது உயிர், எது இறப்பு என்பதற்குப் புதிய விளக்கம் தந்து, அவற்றைச் சட்டப்படியான குடிமக்களாக ஏற்றிருக்கிறது. குடிமகன் ஆகிவிட்ட காட்டேரியை யாரும் கண்டபடி கொல்ல முடியாது. கொன்றால் அது கொலைக்குற்றம். மனிதரைக் கொன்ற காட்டேரியின் பெயரில் நீதிமன்றம் மரண ஆணை பிறப்பித்தால் மட்டுமே வேட்டைக்காரர் கொல்லலாம். அந்த உரிமம் பெற்றவள்தான் அனிதா. காட்டேரிகள் அவளுக்கு இட்ட பட்டப்பெயர், 'மரண தண்டனை நிறைவேற்றுபவள்'.

அவளுக்கு வயது 24. உயரம் குறைவு. கையில் சிலுவை வடிவத் தீத்தழும்பு. படுக்கையறையில் பஞ்சடைத்த பென்குவின் பொம்மைகள். பகல் வாழ்க்கையில் அவளுடைய தொழில் இன்னும் விந்தையானது. இறந்தோரைக் கல்லறையிலிருந்து எழுப்பும் நிறுவனம் ஒன்றில் அவள் ஊழியர். சொத்து வழக்கில் உயில் பற்றி ஐயமா? எழுதியவரையே எழுப்பிக் கேட்டுவிடலாம்! எழுப்புவதற்குக் கோழியோ ஆடோ பலியிட வேண்டும். பிணம் எவ்வளவு பழையதோ, பலியும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும். 1994இல் வந்த இரண்டாம் நூலில் செல்வர் ஒருவர், இறந்து 283 ஆண்டுகளான ஒருவரை எழுப்பினால் பத்து இலட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறார். அவ்வளவு பழைய உடலுக்கு மனிதப் பலி வேண்டும் என்பதை அனிதா அறிவாள். மறுக்கிறாள். அம்மறுப்பிலிருந்தே கதை விரிகிறது.

இந்த விதிகளில் ஒன்று என் மனத்தில் ஆணியாய் இறங்கியது. கொலையுண்டவரை எழுப்பினால், அவர் யார் சொல்லையும் கேட்கமாட்டார்; தம்மைக் கொன்றவரைத் தேடியே நடப்பார். இடையில் நிற்பவரையும் விடமாட்டார். பேய்க்கதைதான், ஆயினும், தீர்க்கப்படாத அநீதி மண்ணுக்குள்ளும் உறங்குவதில்லை என்ற கருத்து நம் கண்ணகியை அறிந்த எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இன்று இவ்வகைக் கதைகள் ஏராளம். 'பஃபி' தொலைக்காட்சித் தொடர் 1997இல் வந்தது. 'டுவைலைட்' நூல் 2005இல் வந்தது. அவற்றுக்கெல்லாம் முன்பே, துப்பறியும் கதையையும் பேய்க்கதையையும் நகர வாழ்க்கையையும் ஒன்றாய்ப் பிசைந்து தந்தவர் ஹாமில்டன். சிறுவயதில் தாயைச் சாலை விபத்தில் இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அனிதாவும் எட்டு வயதில் தாயைச் சாலை விபத்தில் இழந்தவள். இறந்தவரை எழுப்பும் ஆற்றலை அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்து எழுதுவது எத்தகைய வலி என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஆசிரியை என்ற முறையில் என்னைக் கவர்ந்த இன்னொரு பாத்திரம் உண்டு. 1995இல் வந்த மூன்றாம் நூலில் அறிமுகமாகும் ரிச்சர்ட் சீமன். இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர். நல்லவர், மாணவர் விரும்பும் ஆசிரியர். அவர் ஓர் ஓநாய் மனிதரும்கூட! நோய் வராமல் தடுக்கப் போட்ட ஊசியே கெட்டுப்போய் அவருக்கு அந்த நோயைத் தந்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்து வாழ்கிறார். தம் பிள்ளையின் ஆசிரியர் ஓநாய் என்று அறிந்தால் எந்தப் பெற்றோர்தாம் பொறுப்பர்? அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவர் என்னவாக இருக்கிறார் என்பதே போதும், தீர்ப்பு எழுத.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2001இல் வந்த பத்தாவது நூலிலிருந்து தொடரின் போக்கு மாறியது. அனிதாவின் உடலில் காமத்தையே உணவாகக் கேட்கும் ஒரு சாபம் புகுந்தது. துப்பறிதல் குறைந்து படுக்கையறைக் காட்சிகள் பெருகின. பழைய வாசகர் பலர் மனம் நொந்து விலகினர். நானும் இரண்டு நூல்களைப் பாதியில் மூடி வைத்ததுண்டு. இந்நூல்கள் வளர்ந்தோர்க்கு மட்டுமே உரியவை. மாணவர் கையில் கொடுக்கத்தக்கவை அல்ல. பின் ஏன் மீண்டும் மீண்டும் திரும்பிப் போனேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

முதல் நூலின் அனிதாவுக்கு ஐயமே இல்லை. காட்டேரி என்பது நடமாடும் பிணம். பிணத்தைக் கொல்வது கொலையாகாது. ஆணை வந்தது, கொன்றாள், வீட்டுக்குப் போய்ப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அந்தத் தெளிவு என்னைக் கவர்ந்தது. மெய்தான், மிகவும் கவர்ந்தது. இளம் ஆசிரியைக்கு அத்தகைய தெளிவு ஓர் அணிகலன் போல் தோன்றும். வகுப்பறையில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட முடியும் என்று நானும் நம்பியிருந்தேன்.

2008ஆம் ஆண்டு. நான் ஆண்டு 5 வகுப்பாசிரியை. கல்விச் சுற்றுலாவுக்காக மாணவர்களிடம் ஆளுக்கு 35 வெள்ளி வசூலித்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் கொடுத்த 210 வெள்ளியை உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். ஓய்வு முடிந்து வந்து பார்த்தால் உறை இல்லை.

ஓய்வு நேரத்தில் வகுப்புக்குள் போனவன் ஒருவனே. இரண்டு மாணவர்கள் பார்த்திருக்கின்றனர். அதற்குச் சில மாதங்கள் முன்பு நண்பனின் வண்ணப் பென்சில்களை எடுத்துப் பிடிபட்டவன் அவன். பாடத்தில் பின்தங்கியவன். வீட்டுப்பாடம் செய்யாதவன். தண்ணீர்ப் புட்டியை எடுக்கவே வகுப்புக்குப் போனேன் என்றான். வேறு என்ன சான்று வேண்டும்? வகுப்பின் முன் அவனை நிறுத்தி, "எடுத்ததை ஒப்புக்கொள்" என்றேன். "நான் எடுக்கல டீச்சர்" என்று ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை கேட்டபோது வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் சான்றுகளோடு சேர்த்துக்கொண்டேன்.

கட்டொழுங்கு ஆசிரியருக்கு அறிக்கை எழுதினேன். மறுநாள் அவனுடைய தந்தை வேலை உடுப்போடு பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தில் எங்கள் கண்முன்னே மகனை அறைந்தார். இரண்டு தவணையாக 210 வெள்ளியையும் கட்டினார். அவன் சுற்றுலாவுக்கு வரவில்லை. அந்த வாரம் இரவுகளில் நான் அனிதாவின் நூல் ஒன்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடவேண்டும்.

மூன்று வாரம் கழித்து, திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கட்டுரை நோட்டுகளின் கட்டைப் பிரித்தேன். ஒரு நோட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பண உறை செருகியிருந்தது. ஓய்வுக்கு முன் இழுப்பறையில் வைத்ததாக நான் உறுதியாக நம்பிய உறை, மேசைமேலிருந்த நோட்டுகளோடு என் கையாலேயே போயிருக்கிறது.

மறுநாளே தலைமையாசிரியரிடம் சொன்னேன். தந்தையின் பணம் அலுவலகம் வழியாகத் திரும்பப் போனது. அவனைத் தாழ்வாரத்தில் தனியே அழைத்து, "டீச்சர் தப்பு பண்ணிட்டேன்பா, மன்னிச்சிரு" என்றேன். தலையசைத்தான். வகுப்புக்கோ, "பணம் கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது, யாருடைய தவறு என்று சொல்லவில்லை. குற்றம் சாட்டியது நாற்பது பேர் முன்னால்; மன்னிப்புக் கேட்டது ஆளில்லாத தாழ்வாரத்தில். அடுத்த ஆண்டு எனக்கு வேறு வகுப்பு. அதற்கடுத்த ஆண்டு அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான்.

அதன் பிறகுதான் அனிதாவிடம் நிகழ்ந்து வந்த மாற்றம் என் கண்ணில் பட்டது. முன்பே நூலில் இருந்ததுதான். நான் தாண்டிப் போயிருக்கிறேன். முதல் நூலிலேயே காட்டேரிகளை யாரோ வரிசையாகக் கொல்ல, கொலையாளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இந்த வேட்டைக்காரியின் தலையில்தான் விழுகிறது. பகைவர் என்று எண்ணியோருக்காகத் துப்பறிய நேர்கிறது. பின்வந்த நூல்களில் அவள் அவர்களில் ஒருவனைக் காதலிக்கிறாள். ஓநாய் மனிதரையும் சிறுத்தை மனிதரையும் காப்பாற்றும் பொறுப்பையும் ஏற்கிறாள். கையில் கூட்டரசு அதிகாரியின் சின்னம் வந்த பின்போ ஆணைகள் இன்னும் பெருகுகின்றன. 2012இல் வந்த 'கிஸ் தி டெட்' நூலில் அவள் முன் நிற்கும் காட்டேரிகள் கொடிய தோற்றத்தினர் அல்லர். சிறுவர், தாத்தா பாட்டி, பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லும் தாய்மார் போன்றோர். இவர்களையும் சுட வேண்டுமா?

பிறகு 2020இல் 'சக்கர் பஞ்ச்' வந்தது. தொடரில் 27ஆவது நூல். நடமாட்டக் கட்டுப்பாட்டினால் பள்ளிகள் மூடித் திறந்து, இயங்கலை வகுப்பில் நாங்கள் திண்டாடிய ஆண்டு அது. மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், இளைஞன் ஒருவன் தன் சிற்றப்பாவைக் கொன்றுவிட்டதாகச் சிறையிலிருக்கிறான். அவன் சிறுத்தையாக மாறும் நோயுள்ளவன். சான்றுகள் அவனையே சுட்டுகின்றன. குடும்பம் நீதி கேட்டு அழுகிறது. மரண ஆணை பிறந்துவிட்டது. குறித்த காலத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும். சட்டத்தில் அவனுக்கு விசாரணை என்பதே கிடையாது. மனிதனாக இருந்திருந்தால் வழக்கறிஞரும் நீதிமன்றமும் மேல்முறையீடும் கிடைத்திருக்கும். ஆணையைக் கையில் வைத்திருக்கும் இளம் அதிகாரிக்கு ஏதோ உறுத்துகிறது. அனிதாவை அழைக்கிறார். அவள் வந்து பார்க்கிறாள். சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அறிக்கை எழுதிக் கையைக் கழுவிக்கொள்வது எவ்வளவு எளிது! அவளோ, கொல்வதற்காகவே பெயர் பெற்றவள், கொல்லாமலிருப்பதற்கு வழி தேடுகிறாள்.

முடிவைச் சொல்லமாட்டேன். படிக்க விரும்புவோர் படிக்கட்டும். நான் சொல்ல விரும்புவது இதுவே: 1993இல் ஐயமின்றிச் சுட்டவள் 2020இல் ஐயப்படக் கற்றிருக்கிறாள். இடையில் 27 ஆண்டுகளும் 26 நூல்களும் கழிந்திருக்கின்றன. கதை மாந்தருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது. நான் குறைசொன்ன நூல்களும் அந்தப் பயணத்தின் படிகள்தாம். தன் வேட்டைக்குரியவரோடு ஒரே மேசையில் உண்ணாமல் அவளுக்கு அந்த ஐயம் பிறந்திருக்காது.

அந்நூலை முடித்த இரவு நான் நெடுநேரம் விழித்திருந்தேன். அவனைத் தேட வேண்டும் என்று எண்ணினேன். எண்ணியதோடு சரி, தேடவில்லை. 2022இல், தைப்பூசத்துக்குப் பின்னர் ஒருநாள், கார்ச்சக்கரத்தில் காற்றிறங்கி வழியிலிருந்த பட்டறையில் நிறுத்தினேன். கைகளைத் துடைத்தபடி வந்த இளைஞன், "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னான். தெரிந்தது.

சக்கரத்தைக் கழற்றி, ஓட்டையைத் தேடி, அடைத்து மாட்டும்வரை நான் பேசாமல் நின்றேன். பிறகு சொன்னேன்: "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைக் குத்தம் சொன்னேன். உன்மேல தப்பில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லாம விட்டுட்டேன்பா."

"விடுங்க டீச்சர், பழைய கதை" என்று சிரித்தான். கருவிகளை எடுத்து வைத்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "இருநூத்திப் பத்து வெள்ளி" என்றான். "பணம் திரும்பி வந்தப்ப, பள்ளிக்கூடம் பாவம் பார்த்துக் கொடுத்துச்சுன்னு எங்கப்பா நெனைச்சாரு. நான் சொன்னேன், நம்பல. போன வருசம் தவறிட்டாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனுடைய தந்தையிடம் உண்மையைச் சொன்னது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அலுவலகம் சொல்லியிருக்கும் என்று இருந்துவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்தது. உண்மை போய்ச் சேரவில்லை. அதை எடுத்துச் செல்ல வேண்டியவள் நான்தான். அவர்கள் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை.

கூலி 15 வெள்ளி என்றான். 50 வெள்ளித் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன். 35 வெள்ளியையும் எண்ணி என் கையில் வைத்தான்.

இறந்தவரை எழுப்பி உண்மை பேசவைக்கும் ஆற்றல் அனிதாவுக்கு உண்டு. எனக்கு இருந்தால் நான் எழுப்ப விரும்புவது, அவரைப் பேசவைக்க அன்று. என்னை அவர் கேட்கவேண்டும் என்பதற்காக. அஃது இயலாது. இயன்றதை மட்டும் செய்து வருகிறேன். வகுப்பில் பொருள் காணாமற்போனால் இப்போது முதலில் என் பையையும் என் நோட்டுக்கட்டையும் மாணவர் முன்னிலையில் கொட்டிக் காட்டுகிறேன். "எடுக்கல டீச்சர்" என்று ஒரு பிள்ளை ஒருமுறை சொன்னால், இரண்டாம் முறை கேட்பதில்லை. அறிக்கை எழுத வேண்டி வந்தால் ஒரு நாள் தள்ளி எழுதுகிறேன்.

நாளை ஆண்டு 4க்கு மீண்டும் வாசிப்புப் பாடம் இருக்கிறது. "என்ன பேய் டீச்சர்?" என்று அந்த மாணவி நிச்சயம் கேட்பாள். பேயைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. ஓர் ஆசிரியை, ஒரு பண உறை, ஒரு மாணவன் ஆகியோரின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவனுடைய பெயரை. ஆசிரியையின் பெயரைச் சொல்வேன். இம்முறை வகுப்பின் முன்னால்.

மீண்டும் எழுதுகிறேன்.